சிங்கியின் காலில் வெள்ளி

கூத்தப்பெருமான் ஆடும் ஐந்து சபைகளை நம் மரபு பொருள்வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. தில்லைக்குப் பொன், மதுரைக்கு வெள்ளி, திருநெல்வேலிக்குத் தாமிரம், திருவாலங்காட்டுக்கு இரத்தினம். குற்றாலத்துக்கு வாய்த்தது சித்திரம். சுவரும் வண்ணமுமே அங்கே சபை. இவற்றுள் மதுரை வெள்ளியம்பலத்தின் பெயர் மிகப் பழையது. வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி என்றொரு பாண்டியனைப் புறநானூறு காட்டுகிறது. சிலப்பதிகாரப் பதிகத்தில் சாத்தனார் தாம் நள்ளிரவில் படுத்திருந்ததாகச் சொல்லும் இடமும் அதே வெள்ளியம்பலம்தான்.

ஆக, வெள்ளியின் வரலாறு எழுதப் புகுபவர் மதுரைக்குத்தான் போகவேண்டும், குற்றாலத்தில் அவருக்கு வேலையில்லை என்று தோன்றலாம். அருவியை உருகிய வெள்ளி என்று வருணிப்பதோடு குற்றாலத்துக்கும் வெள்ளிக்குமான உறவு முடிந்துவிடுகிறதா? இல்லை. குற்றாலத்தின் வெள்ளி சபையில் இல்லை, ஒரு குறத்தியின் காலில் இருக்கிறது. அந்தக் காலைப் பின்பற்றிப் போனால் இந்த உலோகத்தின் தன்மையும், அது தமிழகத்துக்கு வந்த வழியும், அதை யார் எதற்காகச் சேர்த்து வைத்தார்கள் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியவரும்.

தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியைத் தமிழ் படித்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அளித்த நிலம் குறவஞ்சி மேடு என்றே பெயர் பெற்றது. வசந்தவல்லியின் காதலும் பந்தாட்டமும் மலைவளமும் பலமுறை பேசப்பட்டவை. நூலின் பிற்பகுதியில் சிங்கனும் சிங்கியும் சந்திக்கும் இடம் வகுப்பறையில் சிரிப்பை வரவழைக்கும். சிரிப்போடு நாம் அதைக் கடந்துவிடுவதும் உண்டு.

காட்சி இதுதான். பல நாள் காணாமற்போன மனைவியைத் தேடித் திரிந்து கண்டுபிடிக்கிறான் சிங்கன். இத்தனை நாளாகச் சொல்லாமல் எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறான். குறி சொல்லப் போனேன் என்கிறாள் அவள். அவன் கண் அவள் காலுக்குப் போகிறது. அங்கே அவன் முன்பு பார்த்திராத பொருள்கள் கிடக்கின்றன. சொல்லவே பயமாயிருக்கிறது என்று தயங்குகிறான். அஞ்சாமல் கேள் என்கிறாள் அவள். அவன் பறவை பிடிக்கும் வேடன். அவனுக்குத் தெரிந்தவையெல்லாம் காட்டு உயிர்கள். ஆகவே காலைக் கடித்துக் கிடக்கும் விரியன் பாம்பு என்ன, நெளியும் மண்புழு என்ன, கட்டித் தொங்கும் செத்த தவளை என்ன, சுண்டுவிரலில் சுருண்டு கிடக்கும் பூச்சி என்ன என்று வரிசையாகக் கேட்கிறான். அவளும் வரிசையாக விடை சொல்கிறாள். சிலம்பு சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது. முறுக்கிட்ட தண்டை கோலத்து நாட்டார் கொடுத்தது. பாடகம் பாண்டியன் மகள் குறி கேட்டு இட்டது. சதங்கையாகிய கெச்சம் குற்றாலநாதர் சந்நிதிப் பெண்களுடையது. கால்விரலில் அணியும் காலாழியும் பீலியும் கண்டி தேசத்தில் கிடைத்தவை.

இதை ஒரு கணக்கு ஒப்புவிப்பாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு நகைக்கும் கொடுத்தவர் யார் என்றோ, கிடைத்த ஊர் எது என்றோ ஒரு பதிவு இருக்கிறது. சிலவற்றுக்கு என்ன வேலைக்காக வந்தது என்பதும் சேர்த்தே சொல்லப்படுகிறது. குறத்தியின் பாதம் அவளுடைய வரவேடு. கவிராயர் காலத்தில் பாண்டியன் மகள் என்று ஒருத்தி இருந்திருக்க வழியில்லை என்பது உண்மைதான். 1446இல் தென்காசிக் கோயிற் பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியனின் வழியினர் அதற்குள் பழங்கதையாகிவிட்டனர். அது கவிஞனின் உயர்வு நவிற்சி. ஆனால் ஊர் ஊராக நடந்து, சொல்லை விற்று, கூலியை நகையாக வாங்கிக் காலிலேயே சுமந்து திரிந்த பெண் உயர்வு நவிற்சியல்லள்.

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். இவையெல்லாம் வெள்ளி என்று நூலில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ஆனால் நூலிலேயே ஒரு குறிப்பு கிடைக்கிறது. சிங்கனின் பார்வை காலிலிருந்து இடைக்கு ஏறியதும் அங்கே கிடக்கும் அரைஞாணைச் சிங்கி ‘செம்பொன்’ என்று உலோகத்தின் பெயரோடு சொல்கிறாள். இடைக்குக் கீழே ஓரிடத்திலும் பொன் என்ற சொல் வரவில்லை. பொன் திருமகள், அவளைக் காலில் அணியலாகாது என்பது இன்றுவரை நம் வீடுகளில் வழங்கும் நம்பிக்கை. இடைக்கு மேல் பொன், கீழே வெள்ளி என்ற அந்த எல்லைக்கோடு கவிராயரின் பாட்டில் தானாக விழுந்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

அந்த எல்லைக்கோடு என்றும் இருந்ததா என்றால், இல்லை. தமிழின் மிகப் புகழ்பெற்ற காலணிகலன் பொன்னாலானது. கண்ணகி பாண்டியன் அவையில் தன் காற்சிலம்பைப் பொற்சிலம்பு என்றே சொல்கிறாள். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் வீட்டுப் பெண் பொன்னைக் காலில் அணிந்தது அன்றைக்கு யாருக்கும் குற்றமாகப் படவில்லை. பொன்னுக்குக் காலில் இடமில்லை என்ற வழக்கம் பின்னால் வந்தது. வழக்கம் வந்தபின் அந்த இடத்தை நிரப்ப வெள்ளியைவிடத் தகுதியான உலோகம் இல்லை. அதற்கு அதன் இயல்பே காரணம்.

வேதியியலில் வெள்ளியின் அணு எண் 47. அதன் குறியீடு அர்ஜென்டம் என்ற இலத்தீன் பெயரின் சுருக்கம். அர்ஜென்டீனா என்ற நாட்டின் பெயரும் அதே வேரிலிருந்து வந்தது. ஏறத்தாழ 962 பாகை செல்சியசில் உருகும். ஊர்த் தட்டானின் கரியடுப்பும் ஊதுகுழலும் எட்டிவிடக்கூடிய சூடு அது. கன சென்டிமீட்டருக்கு 10.5 கிராம் எடை, பொன்னின் எடையில் பாதியைவிடச் சற்றே கூடுதல். நாள் முழுவதும் நடப்பவளுக்கு இது சிறிய செய்தியன்று. தூய வெள்ளி மிக மென்மையானது, காலில் கிடந்தால் நசுங்கிவிடும். ஆகவே சிறிது செம்பு சேர்ப்பார்கள். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி என்பது உலகெங்கும் மதிக்கப்படும் கலவை. வெப்பத்தையும் மின்சாரத்தையும் இதைவிட நன்றாகக் கடத்தும் உலோகம் வேறில்லை. தொட்டால் சில்லென்று இருப்பது அதனால்தான், விரலின் சூட்டை அவ்வளவு விரைவாக இழுத்துக்கொள்கிறது.

வெள்ளி இரும்பைப்போலத் துருப்பிடிப்பதில்லை, ஆனால் கறுக்கும். அதற்குக் காரணம் உயிர்வாயு அன்று, கந்தகம். காற்றிலும் வியர்வையிலும் உணவிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மேலே ஒரு கருந்தோலை உண்டாக்குகின்றன. தோலுக்கு அடியில் உலோகம் அப்படியே இருக்கும். நம் வீடுகளில் திருநீற்றைத் தொட்டுத் தேய்த்தால் வெளுத்துவிடும். உருக்கினாலும் நட்டமில்லை. நசுங்கிய தண்டையும் அறுந்த கொடியும் எடைக்கு எடை மதிப்புடையவை. ஏழையின் சேமிப்புக்கு வேண்டிய குணங்கள் இவைதாம்: உடம்போடு இருக்கவேண்டும், கெடக்கூடாது, பிரித்து விற்க முடியவேண்டும், எந்த ஊரிலும் எடை போட ஆள் இருக்கவேண்டும்.

இந்த உலோகம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. தமிழகத்தில் பேர் சொல்லும்படியான வெள்ளிச் சுரங்கம் எதுவும் இல்லை. இந்தியாவிலேயே வெள்ளி கிடைக்கும் முதன்மையான இடம் இராசத்தான். அங்கும் ஈயத்தோடும் துத்தநாகத்தோடும் கலந்துதான் கிடைக்கிறது. ஆகவே தமிழ்நாட்டு வெள்ளி ஏறக்குறைய அனைத்தும் வழிநடை வந்தது அல்லது கடல் கடந்து வந்தது. வடக்கிலிருந்து முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள் வந்தன. அத்தகைய காசு ஒன்று 2021இல் கீழடி அகழாய்விலும் கிடைத்தது. மேற்கிலிருந்து உரோமானியரின் வெள்ளி தெனாரியங்கள் வந்தன. அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துக் காசுகள் கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. மிளகுக்காகவும் துகிலுக்காகவும் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி புலம்பியது இந்தக் காலத்தில்தான். பாணனுக்குக் கிடைத்த பொற்றாமரை வெள்ளி நாரில் தொடுக்கப்பட்டிருந்தது என்று புறநானூற்றின் 11ஆம் பாட்டு சொல்கிறது. பாடிப் பிழைப்பவருக்கு வெள்ளி கூலியாக வந்த பழைய சான்று அது. சிங்கி அந்தப் பாணனின் தூரத்து வாரிசு எனலாம்.

சோழர் காலத்தில் வெள்ளி கோயிலுக்குள் போய்ச் சேர்ந்தது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த வெள்ளிப் பாத்திரங்கள் எடையோடு கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பெருவெள்ளம் அதற்கும் பிறகு வந்தது. 1545இல் இன்றைய பொலிவியாவில் பொட்டோசி மலையின் வெள்ளி கண்டறியப்பட்டது. ஸ்பானியர் அங்கே அடித்த நாணயங்கள் ஐரோப்பா வழியாகவும் மணிலா வழியாகவும் ஆசியா முழுவதும் பரவின. தூத்துக்குடியில் முதலில் போர்த்துக்கீசியர், 1658 முதல் ஒல்லாந்தர் என்று வந்து இறங்கியவர்களுக்கு வேண்டியது நம் பருத்தித் துணி. அவர்களிடம் நம்மவர்கள் வாங்க விரும்பிய சரக்கு அதிகமில்லை. ஆகவே பொன்னும் வெள்ளியும் செம்பும் கொடுத்தே துணி வாங்கினார்கள். ஆண்டிஸ் மலையின் குடியானவர்கள் உயிரைக் கொடுத்து வெட்டிய தாது நெல்லைச் சீமையின் தறிக்காரன் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து தட்டான் உலைக்கும் சென்றிருக்கும். கண்டியின் கதையும் இப்படித்தான். பாரசீக வளைகுடா வழியாக வந்த லாரின் என்னும் வெள்ளிப் பணம் இலங்கையில் தூண்டில்முள் வடிவில் வளைந்த கம்பியாகப் புழங்கியது. சிங்கியின் காலாழி வந்த தேசத்தில் நாணயமே ஒரு காலத்தில் வளைந்த வெள்ளிக் கம்பிதான்.

கவிராயர் காலத்துத் தென்தமிழகத்தில் பெரும்புழக்கப் பணம் பொன்னும் செம்பும். பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு வராகனும் பொற்பணமும், அன்றாடத்துக்குச் செப்புக்காசு. வெள்ளிக்கு நடுவில் பெரிய வேலை இல்லை. ஆகவே கிடைத்த வெள்ளி அணிகலனாயிற்று. இந்த நிலை 1818இல் மாறியது. சென்னை அரசு 180 குன்றிமணியன்று, 180 கிரெயின் எடையுள்ள வெள்ளி ரூபாயைத் தலைமை நாணயமாக்கியது. 1835இல் கும்பினி ஆட்சி முழுவதற்கும் அதே எடை. 12இல் 11 பங்கு வெள்ளி. ரூபாய் என்ற சொல்லே வெள்ளியைக் குறிக்கும் ரூப்யம் என்ற வடசொல்லின் வழிவந்தது. வெள்ளியையே வெள்ளி என்று பெயரிட்டுக் கையில் கொடுத்தார்கள். நம் பெண்கள் அதைத் தட்டானிடம் கொண்டுபோனார்கள். நாணயமே நிறுத்த எடையுடைய வெள்ளிக் கட்டி என்பதால் தட்டானை நம்பவேண்டிய பாதி வேலை மிச்சம். இத்தனை ரூபாய் எடைத் தண்டை என்று அளவு சொல்லும் வழக்கம் அப்படி வந்தது.

தென்காசி வட்டாரத்தில் இதற்கு ஒரு தனிச் சுவை உண்டு. சில மைல் மேற்கே செங்கோட்டை. அது 1956 நவம்பர் 1 வரை மலையாள அரசின் கீழ் இருந்தது. திருவிதாங்கூரின் நாணயம் சக்கரம். 19ஆம் நூற்றாண்டில் அது அரைக் கிராமுக்கும் குறைந்த ஒரு வெள்ளிப் பொட்டு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் அவர்களுடைய ரூபாய். ஆங்கிலேயர் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். கையால் எண்ண முடியாத அளவு சிறியது என்பதால், குழிகள் வெட்டிய பலகையில் கொட்டி அசைத்து, குழி நிரம்பியதைப் பார்த்து எண்ணினார்கள். தென்காசிச் சந்தையிலிருந்து செங்கோட்டைக்கு நடப்பவர் ஒரு வெள்ளியிலிருந்து இன்னொரு வெள்ளிக்கு மாறவேண்டும். இரு பக்கத்திலும் மாறாதது காலில் கிடந்த வெள்ளி ஒன்றுதான்.

அந்த மாறாத மதிப்பும் ஒரு நாள் ஆட்டம் கண்டது. 1870களில் ஜெர்மனி தொடங்கி ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாகப் பொன் நாணயத்துக்கு மாற, வேண்டாத வெள்ளி சந்தையில் குவிந்தது. லண்டனில் 1872இல் அவுன்ஸ் ஏறத்தாழ 60 பென்சுக்கு விற்ற வெள்ளி 1894இல் 29 பென்சுக்கு இறங்கியது. இடையில் 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். தென்னாட்டுக் குடும்பங்கள் கால்நகையைக் கழற்றித் தானியம் வாங்கின. அந்தப் பஞ்சத்தின்போது நகைக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. யார் வெள்ளியைக் கொண்டுபோனாலும் சிறு கூலி கழித்து ரூபாயாக அடித்துத்தர அரசின் நாணயச் சாலை கடமைப்பட்டிருந்தது. ஏழை நேரே போகாவிட்டாலும் வியாபாரி போவான். ஆகவே தண்டையின் விலை ரூபாயைவிட மிகவும் கீழே போக முடியாது.

1893 ஜூன் 26இல் அந்தக் கதவு சாத்தப்பட்டது. தனியார் வெள்ளியை நாணயமாக அடித்துத்தருவதில்லை என்று அரசு அறிவித்தது. வெள்ளியின் சரிவிலிருந்து ரூபாயைக் காப்பாற்றுவது நோக்கம். ரூபாய் பிழைத்தது. நகை? 1898 வாக்கில் ஒரு ரூபாயில் இருந்த வெள்ளியின் சந்தை விலை சுமார் பத்து அணா. 20 ரூபாயை உருக்கித் தண்டை செய்து போட்டிருந்தவள் செய்கூலி நீங்கலாகவே பன்னிரண்டரை ரூபாய்தான் எதிர்பார்க்க முடியும். உருக்காமல் பானையில் போட்டுப் புதைத்தவள் தப்பித்தாள். கல்கத்தாவிலும் லண்டனிலும் பொருளியல் அறிஞர்கள் செலாவணி விகிதம் பற்றி எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு அடியில், தன் சேமிப்பில் எட்டில் மூன்று பங்கு எங்கே போயிற்று என்று புரியாமல் தட்டான் கடை வாசலில் நின்ற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பாட்டுக் கட்டக் கவிராயர் யாரும் அப்போது இல்லை.

பிறகு ரூபாயும் தன் பெயரை இழந்தது. 1940இல் அதில் வெள்ளி பாதியாயிற்று. 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது. பெயரில் மட்டும் வெள்ளி மிஞ்சியது. அடுக்களையிலும் இதே கதைதான். சில்வர் தட்டு, சில்வர் குடம் என்று நாம் சொல்வதில் மருந்துக்கும் வெள்ளி இல்லை, அது இரும்பும் குரோமியமும் நிக்கலும் கலந்த எவர்சில்வர். கடல் கடந்த தமிழர் மட்டும் பழைய உறவைச் சொல்லில் காப்பாற்றி வருகிறார்கள். சிங்கப்பூரில் டாலரைத் தமிழில் வெள்ளி என்கிறார்கள். மலாக்கா நீரிணைத் துறைமுகங்களில் ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி டாலர்கள் புழங்கிய காலத்தின் எச்சம் அது.

உண்மையான வெள்ளியோ இன்று கண்ணுக்குத் தெரியாத இடங்களில் வேலை செய்கிறது. நிழற்படச் சுருளில் ஒளிபட்டால் கறுக்கும் உப்பாக ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இருந்தது. இப்போது மின்விசைப் பொத்தான்களின் தொடுமுனையிலும், சூரிய மின்தகடுகளின் மேல் ஓடும் மெல்லிய கோடுகளிலும் இருக்கிறது. குழந்தையின் அரைஞாண், பாலாடை, குங்குமச்சிமிழ், மெட்டி என்று வீட்டிலும் தொடர்கிறது. கொலுசு என்றதும் சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை நினைவுக்கு வருகிறது. சிங்கியின் சிலம்பும் சேலத்தது என்பதை வைத்து, முந்நூறு ஆண்டுத் தொழில் மரபு என்று தாவிவிடக் கூடாது. அவள் சொன்னது அங்கே குறி சொல்லிப் பெற்றதாக மட்டுமே. ஆயினும் அந்தப் பொருத்தம் மனத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது.

கடைசியாக இரண்டு சிலம்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று மதுரையில் பொன், மற்றது குற்றாலத்தில் வெள்ளி. இரண்டிலும் எழுவது ஒரே கேள்வி: இந்த நகை யாருடையது, எப்படி வந்தது? மதுரையில் மன்னன் அதைக் கேட்கவில்லை. தட்டான் சொல்லை நம்பித் தீர்ப்புக் கூறினான். கண்ணகி அவைக்கு வந்து சிலம்பை உடைத்துக் காட்டும்போது கோவலன் உயிரோடு இல்லை. குற்றாலத்தில் சிங்கன் சந்தேகப்படுகிறான், பயப்படுகிறான், ஆனால் கேட்கிறான். கேட்டபின் பதிலை முழுவதும் காதுகொடுத்துக் கேட்கிறான். அவளும் தந்தை தந்தது, கணவன் தந்தது என்று ஒன்றையும் சொல்லவில்லை. அத்தனையும் தன் தொழிலால் வந்தவை என்கிறாள். தன் காலில் கிடப்பது தன் உழைப்பு என்று ஒரு பெண் நடுத்தெருவில் கணவனிடம் கணக்குச் சொல்லி, அவன் அதை ஏற்றுக்கொள்ளும் இடம் நம் பழைய இலக்கியத்தில் அதிகமில்லை.

வெள்ளியைப் பொன்னுக்கு அடுத்தது என்று சொல்லிப் பழகிவிட்டோம். விலையில் அடுத்ததுதான். ஆனால் பொன்னின் வரலாற்றை அரசர்களையும் கோயில்களையும் கொண்டு எழுதிவிடலாம். நிலமில்லாதவர்களின் சேமிப்பு வரலாற்றை எழுத வேண்டுமானால், பாதத்தைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். சிங்கன் தொடங்கியதும் அங்கேதான்.